பாதி தொடச்ச கண்ணாடி

போன வியாழக்கெழம பதுளையில ஒரு கடை மொதலாளி — எல்லாரும் நானான்னு கூப்புடுற மனுஷன் — எங்கிட்ட வந்து நின்னு கேக்குறாரு: "ஆச்சி, இன்னைக்கு கண்ணாடி என்ன சொல்லுது?"

எங்கிட்டங்க. பஸ்ஸுல போட்டிருக்கிற ஊர்ப் பேர வாசிக்கத் தெரியாம, பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட "இது பண்டாரவளைக்கா போகுது?"ன்னு கேட்டுக் கேட்டு ஏறுற எங்கிட்ட.

நானும் சும்மா விடல. கண்ணாடிக்கு ரெண்டு அடி தள்ளி நின்னு, தலைய இந்தப் பக்கம் சாய்ச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சு, கீழ குனிஞ்சு பார்த்து... "நானா, இந்த வாரம் சின்னக் கைங்க கூடிருச்சு"ன்னேன். அவரு தலையாட்டிக்கிட்டே உள்ள போயி, மேல் தட்டுல இருந்த வெளையாட்டு சாமான எல்லாம் கீழ எறக்கி வைக்கச் சொன்னாரு.

பஸ்ஸுல திரும்பி வர்றப்ப தனியா சிரிச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த பொம்பள கொஞ்சம் நகந்து ஒக்காந்துருச்சு.

இது எப்படி ஆச்சுன்னு சொல்லணும்ல? சொல்றேன். எப்பவும் போல நான் போன்ல பேசுறேன், பத்திரிகையில இருக்கிற தம்பி எழுத்தாக்குறாரு. நடுவுல நான் வேற கதைக்குப் போனா அவரு வெட்டிருவாருன்னு நெனைக்காதீங்க — வெட்டுனா மறு வாரம் வாயே தொறக்க மாட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

எம் மருமக ஜெயந்திய ஒங்கள்ல கொஞ்சம் பேருக்குத் தெரியும். நான் பல்லு கட்டப் போன கதையில, டொக்டர் முன்னால என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னாளே — அவதான். எம் மகன் பொஞ்சாதி. புதுசா வாசிக்கிறவங்களுக்குச் சொல்றேன், நாலு வருஷம் குவைத்துல வீட்டு வேலை செஞ்சிட்டு வந்தவ. போறப்ப பேத்தி தர்ஷினிக்கு ரெண்டு வயசு. வந்தப்ப ஆறு.

வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? பெரிய பொட்டியோட எங்க தேயிலத் தோட்டத்து லய வீட்டு வாசல்ல வந்து எறங்குறா. நான் தர்ஷினிய முன்னால தள்ளி விடுறேன். புள்ள என் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு மெல்லக் கேக்குது:

"அப்பாயி, இந்த ஆன்ட்டி எப்ப போவாங்க?"

ஜெயந்தி காதுல விழுந்துருச்சு. குனிஞ்சு பொட்டியத் தொறந்து சொக்லேட்ட எடுத்தா. தலை நிமிராமயே அத புள்ள பக்கம் நீட்டுனா.

அந்த ஆன்ட்டி அம்மாவாகுறதுக்கு மாசக்கணக்கா ஆச்சுங்க. மொதல்ல பக்கத்துல ஒக்காரும். அப்புறம் சோறு ஊட்ட விடும். தலை சீவ மட்டும் எங்கிட்டதான் வரும். ஒரு நாள் காலையில சீப்ப எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்துச்சு, என்னத் தாண்டிப் போயி அவ மடியில ஒக்காந்துச்சு. நான் அடுப்படியில போயி நின்னுக்கிட்டேன். கண்ணு எரிஞ்சது பொகையாலதான், வேற என்ன.

அப்படி ஒட்டிக்கிட்டு இருக்கிற நேரத்துல வருது போன். ஏஜென்ட்.

"அக்கா, அதே வீட்ல ஒங்களத்தான் திரும்பக் கேக்குறாங்க. இந்த மாசம் முடியிறதுக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

நல்லாப் பேசுவான். அவன் பேசுறதக் கேட்டா எனக்கே போயிட்டு வரலாம்னு தோணும்.

எம் மகன் த்ரீவீலர் ஓட்டுறான். அவன் ஓட்டம் மட்டும் வீட்டுக்குப் பத்தாது. அது எங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய விட்டுச் சொல்றதில்ல. போன் வந்த அன்னைக்கு அவன் சாப்பிட்ட தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான். போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. பாவம், எதச் சொன்னாலும் தப்பாத்தானே போகும்?

மறுநாள் சாயந்தரம் உருளக்கெழங்கு உரிச்சுக்கிட்டே ஜெயந்தி ஆரம்பிச்சா.

"மாமி, பதுளையில புதுசா ஒரு ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ் தொறந்திருக்காங்கல்ல. உள்ளுக்கு எல்லாக் கடைக்கும் கண்ணாடிதான், தரையிலருந்து கூரை வரைக்கும். குவைத்துல அந்த வீட்டுக்கு சுவரே கண்ணாடி. ஒரு கோடு விழாம தொடைக்க எனக்குத் தெரியும். வாரா வாரம் தொடைக்கிற மாதிரி ஒரு அஞ்சு கடை கெடைச்சா... நான் போகத் தேவையில்ல."

"அப்ப போயி கேளு."

"எனக்குப் பேச வராது மாமி."

"அதுக்கு?"

"நீங்க வாங்களேன். ஒங்க வாயி சும்மாதானே இருக்கு."

பாருங்க, மாமியாரக் கூப்புடுற அழக. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. பதுளைன்னா எனக்கு ஆஸ்பத்திரி கிளினிக்தான். மருந்துச் சீட்டு இல்லாம பதுளைக்குப் போறது எவ்வளவு நாளைக்கப்புறம்!

எங்க ஊரு பூனாகலையிலருந்து பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கருந்து பதுளைக்கு ஒன்னு. கொம்ப்ளெக்ஸ் கதவு நாங்க தொடுறதுக்கு முன்னாலயே தானா தொறந்துச்சு. உள்ள ஒரே வெளிச்சம், ஒரே குளிரு. படி வேற தானா நகருது. கொழுந்துக் கூடையோட செங்குத்து மலை ஏறுனவ நான், ஆனா நகர்ற படிய நம்ப மாட்டேன். மேல் மாடிக் கடையெல்லாம் வேணாம்டி, கீழ இருக்கிறதே போதும்னுட்டேன்.

மொதல்ல சின்னப் புள்ளைங்க உடுப்பும் வெளையாட்டு சாமானும் விக்கிற ஒரு கடை. சொந்தக்காரரு முஸ்லிம் மனுஷன், நான் மொதல்ல சொன்ன அந்த நானா. நானான்னா அவங்க பேச்சுல அண்ணன். நாங்க போன நேரம் கடை தொறந்து சாம்பிராணி கூட அணையல. "இன்னும் மொத வியாபாரமே நடக்கல, அதுக்குள்ள கேட்டு வந்துட்டீங்களே"ன்னு மொகத்தச் சுளிச்சாரு. தப்பு எங்க மேலதான். மொத காசு வர்றதுக்கு முன்னால எந்தக் கடைக்காரரு காசு குடுக்குற பேச்சக் கேப்பாரு?

அதுக்கு எதிர்ல ஒரு செருப்புக் கடை. அங்க மொதலாளி ஒரு சிங்களப் பொம்பள, நோனான்னுதான் கூப்புடுவோம், நல்ல சிரிச்ச மொகம், நம்ம பாஷையும் பேசுவாங்க. "அனே ஆச்சி, பாருங்களேன், எவ்வளவு சுத்தமா இருக்கு எங்க கண்ணாடி. தொடைக்க என்ன இருக்கு?"ன்னாங்க. பார்த்தேன். நெசமாத்தான், பளிச்சுன்னு இருந்துச்சு.

போன கடையில எல்லாம் இதே பேச்சு. "உள்ளுக்கு இருக்கிற கண்ணாடி ஆச்சி. மழை அடிக்குதா, ரோட்டுத் தூசி வருதா? எங்க கேர்ல்ஸே பேப்பர வெச்சு ஒரு தொடை தொடைச்சிருவாங்க."

ஒரு கடையில டீ குடுத்தாங்க. ஒரு கடையில நாற்காலி போட்டாங்க. ஒரு பொண்ணு எங்கிட்ட சுகருக்கு கை வைத்தியம் கேட்டுக்கிட்டுச்சு. வேல ஒன்னத் தவிர எல்லாம் கெடைச்சுச்சு.

திரும்ப பஸ் ஏறுனோம். ஹாலி எல ஊரு தாண்டுனப்புறம்தான் ஜெயந்தி வாயத் தொறந்தா.

"மாமி, எட்டுக் கடைக்குப் போனோம். எட்டுலயும் ஒங்க பல்லுக் கதையச் சொன்னீங்க. கண்ணாடிய நம்ம எப்படித் தொடைப்போம்னு ஒரு வார்த்தை சொல்லல."

உண்மதான். நான் என்னத்தச் சொல்ல? நான் வளந்த லயத்துக் காம்பராவுல ஜன்னலுக்குப் பலகைதான்.

வெளிய மழை. பஸ் கண்ணாடியில ஆவி படிஞ்சு ஒன்னும் தெரியல. ஜெயந்தி ஷோல் முனையால தன் பக்கத்துக் கண்ணாடியத் தொடைச்சா. முழுசா இல்ல, பாதி. அந்தப் பாதியில மலை, தேயில, ரயில் பாதை எல்லாம் தெரியுது. மறு பாதி வெள்ளையா இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தவ திடீர்னு என் கையப் புடிச்சா.

"மாமி. பாதி தொடைப்போம்."

"என்னடி சொல்ற?"

"சும்மா தொடைச்சுக் காட்டுறோம்னு சொல்லி, ஒரு கடையில பாதி மட்டும் தொடைச்சு விட்டுருவோம். வித்தியாசம் அவங்க கண்ணுக்கே தெரியும். நம்ம பேசவே தேவையில்ல."

கெட்டிக்காரி. பேச வராதவளுக்குத்தான் இப்படியெல்லாம் யோசனை வரும் போல. நான் பேசியே எல்லாத்தையும் செலவழிச்சிடுறேன்.

அடுத்த வாரம் போனோம். இந்தத் தடவை மத்தியானத்துக்கு மேல. நானா நல்ல மொகத்தோட இருந்தாரு.

"பாதியா? காசு கேக்க மாட்டீங்களே?"

"கேக்க மாட்டோம் நானா"ன்னேன். "பல்லுக் கதையும் சொல்ல மாட்டேன்."

அவரு சிரிச்சுக்கிட்டே தொழுகைக்குப் போயிட்டாரு.

ஜெயந்தி வேல செஞ்சத நீங்க பார்த்திருக்கணும். வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு பீங்கான் கழுவுற சோப்பு, அவ்வளவுதான். அத கண்ணாடியில பூசிட்டு, ரப்பர் வெச்ச வைப்பர மேலருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரத் தொடைச்சுக்கிறா. பழைய நோட்டீஸ் ஒட்டுன பசை காஞ்சு கெடந்துச்சு, அதுக்குத் தேங்காண்ண தடவி ஊற விட்டு எடுத்தா. நடந்து போனவங்கெல்லாம் நின்னு பார்த்தாங்க. இந்தப் பொண்ணுதானா கடை கடையா வாய் செத்தவ மாதிரி நின்னவ?

கடைக்கு எடது பாதி முடிஞ்சுச்சு. நடுவுல கோடு போட்ட மாதிரி... இந்தப் பக்கம் கண்ணாடி இருக்கிறதே தெரியல, அந்தப் பக்கம் பாலாடை படிஞ்ச மாதிரி.

அதுக்குள்ள செக்யூரிட்டி வந்து, வாளியோட நிக்கிறதுன்னா மேல ஒபிஸ்ல சொல்லி லெட்டர் எடுக்கணும்னாரு. ஜெயந்தி என்னக் கூட்டிட்டுப் போயி பெஞ்சுல ஒக்கார வெச்சா.

"மாமி, இங்கயே இருங்க. நானா வந்து பார்க்கிற வரைக்கும் அந்த அழுக்குப் பாதி அப்படியே இருக்கணும். கண்ணாடியத் தொடாதீங்க. என்ன?"

"நான் எதுக்குடி தொடுறேன்?"

அவ மேல போனா. நான் ஒக்காந்திருந்தேன். எதிர்ல அந்தக் கண்ணாடி... பாதி சுத்தம், பாதி அழுக்கு.

இப்ப நீங்க ஒன்னு வெளங்கிக்கணும். நான் நாப்பது வருஷம் தேயிலக் கொழுந்து எடுத்தவ. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நின்னா, கங்காணி ஆளுக்கொரு நெரை குடுப்பாரு. நெரைன்னா தேயில வரிசை. அத ஆரம்பிச்சா மலைக்கு அந்தப் பக்கம் போயித்தான் தல நிமிரணும். பாதியில விட்டுட்டுப் போனா அது கங்காணி திட்டுறதோட போகாது. பின்னால வர்றவ பார்த்து, "எவடி இத வாயில வெச்சுட்டுத் துப்புனவ?"ன்னு மலையே கேக்குற மாதிரி கத்துவா. மழையில, அட்டைக் கடியில, பெத்த வயிறு காயாத நேரத்துல கூட நான் ஒரு நெரைய பாதியில விட்டதில்ல.

அப்படிப்பட்டவள ஒரு பாதிக் கண்ணாடி முன்னால ஒக்கார வெச்சா என்ன ஆகும்?

கொஞ்ச நேரம் வேற பக்கம் பார்த்தேன். நகர்ற படியப் பார்த்தேன். சேலைய இழுத்து விட்டேன். அப்புறம்... கை தானா துணிய எடுத்துருச்சுங்க.

துணிய கண்ணாடியில வைக்கப் போறேன், கண்ணு நின்னுருச்சு. எதிர்க் கடை வெளிச்சம் சாய்வா விழுந்துச்சா, அழுக்கெல்லாம் தனித் தனியாத் தெரியுது. தூரத்துல பார்த்தா பாலாடை. கிட்டப் போனா அவ்வளவும் கை.

சின்ன உள்ளங்கை, என் முட்டி ஒசரத்துல. அதுக்கு மேல மூக்கு ஒத்துன தடம். வலது மூலையில, என் நெஞ்சு ஒசரத்துல, பெரியவங்க வெரல் — ஒன்னு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா, ஒரே எடத்துல தட்டித் தட்டி. அந்த மூலைக்கு உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பார்த்தேன். கைப்புள்ளைக்குப் போடுற வெள்ளச் சட்டை, லேஸ் வெச்சது. நடுவுல பெரிய பொம்மைக்கு கோட்டு சூட்டு மாட்டி லைட்டெல்லாம் போட்டிருக்காங்க. அதுக்கு முன்னால ஒரு வெரல் இல்ல.

இது எனக்குப் புதுசில்லங்க. தேயிலச் செடியப் பார்த்தாலே போன தடவ அந்த நெரையில யாரு போனான்னு சொல்லிருவேன். காம்ப விட்டுட்டுப் போறவ ஒருத்தி, முத்தல் எலைய சேர்த்துப் புடுங்குறவ ஒருத்தி. கை போன எடம் பேசும்.

நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டேன். அப்புறம் சுத்தமா தொடைச்சு முடிச்சுட்டேன். வைப்பர் எனக்கு வரல, துணியாலயே. ரெண்டு மூணு கோடு விழுந்துச்சு. ஆனா நெரை முடிஞ்சுச்சு. என்ன ஒரு திருப்தி.

திரும்பிப் பார்த்தா ஜெயந்தி. கையில லெட்டர்.

அவ திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"முழுசும் தொடைச்சிட்டீங்களா மாமி?"

"நெரைய பாதியில விடலாமாடி..."

"அது நெரை இல்ல மாமி. அதுதான் நான் இங்க இருக்கிறதா, போறதாங்கிறது."

எனக்கு அப்பதான் நான் என்ன பண்ணிருக்கேன்னு வெளங்குச்சு. துணி கையில அப்படியே இருக்கு. அத முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சேன்.

அந்த நேரம் பார்த்து நானா வர்றாரு. கண்ணாடியப் பார்த்தாரு. "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கே. முழுசுமே செஞ்சிட்டீங்களா? அப்ப இன்னும் ரெண்டு மாசத்துக்கு கவலையில்ல."

ஜெயந்தி தலையக் குனிஞ்சு வாளிய எடுத்தா. "வாங்க மாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவ குனிஞ்சத நான் ஏற்கனவே ஒரு தடவ பார்த்திருக்கேன். பொட்டியத் தொறந்து சொக்லேட் எடுத்தப்ப.

"நானா"ன்னேன். "ஒன்னு சொல்லட்டுமா? பல்லுக் கதை இல்ல."

"சொல்லுங்க ஆச்சி."

"அந்த வெள்ளச் சட்டை என்ன வெல?"

அவரு உள்ள எட்டிப் பார்த்தாரு. அவருக்கே தெரியல. சட்டையில தொங்குற வெல அட்டை மறுபக்கம் திரும்பியிருந்துச்சு.

"அந்த மூலையில மட்டும் எவ்வளவு கை இருந்துச்சு தெரியுமா? தொடைக்கிறதுக்கு முன்னால பார்த்தேன். எல்லாம் பெரியவங்க கை, அந்த அட்டைக்கு நேரா தட்டிப் பார்த்திருக்காங்க. வெல தெரியல, போயிட்டாங்க. ஒங்க கோட்டு சூட்டு பொம்மைக்கு முன்னால ஒரு மனுஷன் நிக்கல."

நானா கடைப் பொண்ணக் கூப்பிட்டாரு. "உண்மையா புள்ள?"

"ஓம் நானா. தோட்டத்துலருந்து வர்றவங்க நெறையப் பேரு வெளியவே நின்னு பார்ப்பாங்க. நான் வாங்கன்னா போயிருவாங்க."

"ஏன் போறாங்க? நாங்க என்ன கடிக்கவா போறோம்?"

அவரு எங்கிட்டத்தான் கேட்டாரு. எனக்குத் தெரியாதா? நானே அந்த ஆளுதானே. கிளினிக் முடிஞ்சு போறப்ப தர்ஷினிக்குன்னு எத்தன கடை வாசல்ல நின்னிருக்கேன்.

"உள்ள போயி வெலையக் கேட்டுட்டு, வாங்காம வெளிய வர்றது கஷ்டம் நானா. எங்க காலப் பார்ப்பீங்க, பையப் பார்ப்பீங்க. அதுக்குப் பயந்து கண்ணாடியிலயே கைய வெச்சுட்டுப் போயிருவோம். இந்தக் கண்ணாடியில இருந்ததெல்லாம் உள்ள வராதவங்க கை."

நானா அவரே உள்ள போயி, குனிஞ்சு, அந்த அட்டையத் திருப்பி வெச்சாரு. அப்புறம் பக்கத்துல இருந்த அட்டையையும்.

எங்கள நிறுத்தி வேல தர்றேன்னு சொல்லல. டீ குடிச்சிட்டுப் போங்கன்னாரு. குடிச்சிட்டு வந்தோம். பஸ்ஸுல ஜெயந்தி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. நான் தூங்கல.

நாலு நாள் கழிச்சு போன். நானா. வெள்ளச் சட்டையக் கேட்டு உள்ள வந்த ஆளுங்கள வெச்சு கடைப் பொண்ணுக்கு ஒக்கார நேரமில்லையாம். "வாரா வாரம் வாங்க ஜெயந்தி. ஆனா ஒன்னு. தொடைக்கிறதுக்கு முன்னால ஆச்சிய ஒரு தடவ பார்க்கச் சொல்லுங்க."

அவ என்னப் பார்த்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மூஞ்சில இருக்கிற சிரிப்ப அவளுக்குக் காட்டக் கூடாதுல்ல.

அப்புறம் எதிர்க் கடை நோனா கூப்பிட்டாங்க. கண்ணாடி முன்னால நின்னேன். மேலயும் கீழயும் பார்த்தேன். எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

"என்ன ஆச்சி, ஒன்னும் சொல்றீங்க இல்ல?"

"நோனா... ஒங்க கண்ணாடி ரொம்ப சுத்தமா இருக்கு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"அதான் நோனா கவலையா இருக்கு. யாரும் நிக்கிறதே இல்ல."

அந்தச் சிரிச்ச மொகம் அப்படியே எறங்கிருச்சு. அழுக்கில்லாத கண்ணாடியப் பார்த்து ஒரு மொதலாளி கவலப்படுறத அன்னைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் மெதுவா என் பக்கத்துல வந்து, "எதிர்க் கடையில எந்தப் பக்கம் ஆளு நிக்குது ஆச்சி?"ன்னு கேட்டாங்க. நல்ல பொம்பள, பாவம்னு இருந்துச்சு. நான் வாயத் தொறந்துட்டேன்.

ஜெயந்தி என் கால மிதிச்சா. நல்லாவே மிதிச்சா.

"நோனா, அந்தக் கண்ணாடி சொல்றத ஒங்ககிட்ட சொன்னா, ஒங்க கண்ணாடி சொல்றத நாங்க அங்க சொல்லுவோம்னுதானே நீங்க நெனைப்பீங்க? அப்புறம் எங்கள எப்படி நம்புவீங்க?"

பேச வராதவளாம்.

நோனாவுக்கு சிரிப்பு திரும்ப வந்துருச்சு. "ஹரி, ஹரி"ன்னு அவங்க பாஷையில சரி சொல்லி, "திங்கக்கெழமையிலருந்து வாங்க"ன்னாங்க. சின்னப் புள்ளைங்க கண்ணுல படட்டும்னு அதுங்க செருப்ப எல்லாம் அவங்களே கீழ, முட்டி ஒசரத்துக்கு எறக்கிட்டாங்க. மறு வாரம் போனா அந்தக் கண்ணாடியில ஒரே கை, மூக்கு, எச்சி. நோனா வாசல்லயே நின்னு எனக்குக் காட்டுறாங்க, "பாருங்க ஆச்சி, எவ்வளவு அழுக்கு!" அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஒரு கேக் கடை. அதுக்கப்புறம் ஒரு போன் கடை — அங்க முழுக்க ஸ்டிக்கர் பசை, ஜெயந்தியோட தேங்காண்ணைக்கு ஒரு போத்தல் போதாது.

ஆச்சா? நாலு. அவ கேட்டது அஞ்சு.

மாசக் கடைசி வந்துருச்சு. கேக் கடை கண்ணாடியில நொரை பூசி வெச்சிருக்கா, போன் அடிக்குது. ஏஜென்ட். நான் வாளியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். காது முழுக்க அந்தப் போன் பக்கம்தான்.

"ஆ, அண்ணே... இல்லண்ணே. நான் வரல... இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன்... எனக்கு இங்க வேல இருக்கு. இப்பவும் வேலையிலதான் நிக்கிறேன். நொரை காஞ்சிரும், வைக்கிறேன்."

வெச்சுட்டா. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பு.

"அஞ்சு ஆகலையேடி"ன்னேன் மெல்ல.

"நாலுன்னா நாலு மாமி. அஞ்சாவதுக்கு ஒங்க பல்லுக் கதை இருக்குல்ல."

இவ்வளவு நாளும் அழுக்குன்னா நான் வேற மாதிரி நெனைச்சிருந்தேன். தொடைச்சு எறியிறதுன்னு. இப்ப என்னன்னா, ஒரு எடத்துல கைத் தடம் இருக்குன்னா அங்க யாரோ எதுக்கோ ஆசப்பட்டு நின்னிருக்காங்கன்னு தோணுது. யாரு வீட்டுக் கண்ணாடி சுத்தமா இருந்தாலும் இனி நான் பொறாமப்பட மாட்டேன்.

ஆனா கை கேக்குமா? போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டு ஜன்னலப் பார்த்தேன். எங்களுக்கு இருக்கிறதே ஒரு ஜன்னல், மகன் பலகைய எடுத்துட்டுக் கண்ணாடி போட்டது. ஊர்க் கண்ணாடியெல்லாம் பளபளன்னு வெச்சுட்டு நம்ம கண்ணாடிய இப்படி விடலாமான்னு துணிய எடுத்தேன். மேல் பாதி தொடைச்சு முடிச்சு, கீழ் பாதிக்குக் குனியிறேன். பின்னாலருந்து ஒரு கை என் கையப் புடிச்சுருச்சு.

ஜெயந்தி.

"அத விட்டுருங்க மாமி."

பார்த்தேன். கீழ, ஜன்னல் கட்டைக்கு மேல, ரெண்டு சின்ன உள்ளங்கை. நடுவுல மூக்கு. ஒன்னு மேல ஒன்னா, எத்தன நாளுத் தடமோ. அந்த ஜன்னல்லருந்து பார்த்தா பஸ் நிக்கிற எடம் மட்டுந்தான் தெரியும். நாங்க பதுளைக்குப் போற நாள்ல தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டுக்குப் போகாம எங்க நிக்கிதுன்னு நான் கேட்டா சொல்லவே சொல்லாது... கண்ணாடி சொல்லிருச்சு.

ஊர்க் கண்ணாடிய எல்லாம் வாசிக்கிறவ, எங்க வீட்டுக் கண்ணாடிய வாசிக்காம தொடைக்கப் பார்த்தேன் பாருங்க.

துணியப் புழிஞ்சு கொடியில போட்டேன். நாப்பது வருஷத்துல நான் பாதியில விட்ட மொத நெரை அதுதான்.